காலி இடம்

ராக்கெட் விடுகிற நாளில் எங்கள் தெருவில் எல்லா மொட்டைமாடியும் நிறைந்துவிடும். திருவொற்றியூரிலிருந்து வடக்கே பார்த்தால் முதலில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கு அப்பால் பழவேற்காடு, அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. சாயங்கால நேரமென்றால் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு கோடு எழும்பும். எல்லோரும் கை தட்டுவோம். அம்மா மட்டும் மேலே வரமாட்டார். சித்தியைக் கட்டிக்கொடுத்தது பழவேற்காட்டுப் பக்கம். "அங்க இன்னிக்குக் கடலுக்குப் போவ விடமாட்டானுங்க. இதுல இன்னா வேடிக்கை?" என்பார். நான் இன்ஜினியரிங் படித்த பையன். அம்மாவுக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஆபீஸில் ஒரு வேலை வந்தது. கிடங்கு கட்ட இடம் தேடுகிற ஒரு வாடிக்கையாளருக்கு, வடசென்னையில் எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்று வரைபடத்தில் நிறம் பூசித் தர வேண்டும். நான் எழுதிய விதி நாலே வரி. பட்டா இல்லை, கட்டடம் இல்லை, பயிர் இல்லை என்றால் அந்தத் துண்டு 'காலி'. அதற்கு இளம்பச்சை. மீட்டிங்கில் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஆறு வளைகிற இடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

"இது மொகத்துவாரம் தானடா? இன்னாத்துக்குப் பச்சையா கீது?"

"காலி எடம்மா. யாரும் இல்லாத எடம்."

"காலியா? ஒங்க தாத்தா அங்கதான்டா எறா தடவுனாரு. பறிய வாயில கடிச்சிக்கினு, கழுத்தளவு தண்ணில. அத்த வெச்சித்தான் என்ன வளத்தாரு."

அன்றைக்கு ராத்திரி வரைபடத்தை மூடிவிட்டு ஸ்ரீஹரிகோட்டாவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

ஸ்ரீஹரிகோட்டா ஆயுதம் சோதிக்கிற இடம் இல்லை. 1969இல் ராக்கெட் தளத்துக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். அங்கே குடியிருந்த யானாதி மக்கள் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1980 ஜூலை 18இல் அங்கிருந்து எஸ்எல்வி-3 ரோகிணியைச் சுமந்துகொண்டு போனது. அதன் முதல் கட்ட மோட்டாரை வைத்துத்தான் அக்னி ஏவுகணையைச் செய்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர் அப்துல் கலாம். 1989 மே 22இல் அக்னி முதன்முதலாகப் பறந்தது ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து. இதே வங்காள விரிகுடா, இன்னும் வடக்கே.

சண்டிப்பூரில் கடல் ஒரு விசித்திரம் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் பின்வாங்கிப் போய்விட்டுத் திரும்பி வரும். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் அந்த ஈரமண்ணில் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1895இல் பிரிட்டிஷ்காரனுக்கு அதில் வேறு வசதி தெரிந்தது. தண்ணீர் இருக்கும்போது பீரங்கியால் சுட்டால், வற்றியதும் நடந்துபோய்க் குண்டை எடுத்து வந்து பார்க்கலாம். இவ்வளவு தோதான சோதனைச்சாலை காசு கொடுத்தாலும் கிடைக்காது. அந்தப் பீரங்கிச் சோதனை நிலையம் இன்னும் இயங்குகிறது. ஆனால் கடல் உள்வாங்கின நிலத்தில் நண்டும் மட்டியும் பொறுக்குகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். எண்ணூரில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் குண்டு என்றால் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கொஞ்ச நேரத் தாக்குதல்தான். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். சண்டிப்பூரில் நூறு வருடத்துக்கு மேலாக வெடிக்கிறது, அதற்கு நம்மிடம் ஒரு வசவுகூட இல்லை. எதிரி சுட்டால் கதையாகிறது. நம்ம ஆளே சோதித்துப் பார்த்தால் அது வெறும் அறிவிப்பு. ஏவுகணை கிளம்பும் நாளில் சுற்று வட்டாரத்து ஜனங்களை வீட்டைவிட்டு வெளியேற்றி, நாள் கணக்கில் ஈட்டுத்தொகை தந்து, மறுபடி கொண்டுவந்து விடுகிறார்கள்.

1980களின் நடுவில் இந்த இடம் போதவில்லை என்று, அதே மாவட்டத்தில் பாலியாபாலைச் சுற்றித் தேசியச் சோதனைத் தளம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். வெற்றிலைக்கொடி, தென்னை, நிலக்கடலை என்று நன்றாக விளைகிற மண். ஜனங்கள் ஊருக்கு வரும் சாலைகளில் தடுப்புக் கட்டை போட்டுக் காவல் இருந்தார்கள். அரசாங்க வண்டி தெரிந்தால் சங்கு ஊதுவார்கள், தட்டில் அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் பெண்களும் பிள்ளைகளும் வந்து சாலையில் படுத்துவிடுவார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் 'பிட்டாமாட்டி', வீடு நிற்கிற மண். வசுதா ஜோஷியும் ரஞ்சன் பாலித்தும் 1988இல் எடுத்த 'வாய்ஸஸ் ஃப்ரம் பாலியாபால்' ஆவணப்படம் இந்தப் போராட்டத்தைப் பற்றியது. தளம் அங்கே வரவே இல்லை. வராத சோதனைத் தளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வேறு இடம் தேடியவர்கள் கண்ணில் பட்டது தாம்ராவுக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருந்த வீலர் தீவு. ஆள் இல்லாத தீவு. கலாமே இந்தக் கதையை எழுதியிருக்கிறார். அவருடைய சகாக்கள் இரண்டு பேர் படகு பிடித்துப் போய் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மரத்தில் பங்களாதேஷ் கொடி பறக்கிறது. மீனவர்கள் யாராவது வந்துபோகிறார்கள் போல என்று நினைத்து, அதைக் கழற்றிவிடுகிறார்கள். கலாம் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார், நானும் சிரித்தபடிதான் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது அந்தக் கொடியில் நின்றுவிட்டேன். காலி இடத்தில் கொடி கட்டியது யார்? வேற்று நாட்டுக் கொடியை அங்கே விட்டுவைக்க முடியாது, சரி. ஆனால் என் நாலு வரி செய்ததும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம், நான் கொடியைப் பார்க்கக்கூட இல்லை.

பிஜு பட்நாயக் முதல்வராக இருந்தபோது தீவைக் கொடுத்தார். 1999 ஏப்ரல் 11இல் அக்னி-2, 2012 ஏப்ரல் 19இல் அக்னி-5 அங்கிருந்து பறந்தன. 2015இல் கலாம் இறந்த பிறகு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பக்கத்தில்தான் பங்குனி ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் கஹிர்மாதா. 2023 டிசம்பரில், ஆமைகளுக்காக ஜனவரி முதல் மார்ச் வரை தீவில் ஏவுகணைச் சோதனையை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். கஹிர்மாதா கடலில் மீன்பிடிக்க வருடா வருடம் நவம்பர் முதல் மே வரை தடை. அந்தத் தடை ஆமைக்காக, ஏவுகணைக்காக இல்லை. படகுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆயுதமே வேண்டாம் என்று சொல்கிற தெளிவு எனக்கு இல்லை. சோதித்துப் பார்க்காத பொருளை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள், என் தொழிலிலும் அப்படித்தான். எனக்கு உறுத்துவது அதற்கு முந்தின படி. குண்டு விழுவதற்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்து அந்த இடத்தைக் காலி என்று எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் என்னை மாதிரி ஒருத்தர். எண்ணூரிலும் அது நடந்தது. 1996இல் ஒப்புதல் கிடைத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. 2017இல் அது பெரிய சர்ச்சையானது. புறம்போக்கு என்று முன்பு சொன்னது வரி போடாத பொது நிலத்தை. இப்போது அது வசவு.

'காலி' என்ற வகையை எடுத்துவிட எனக்கு அதிகாரம் இல்லை. 'தெரியாது' என்று இன்னொன்றைச் சேர்த்தேன். கழிமுகம் முழுக்கச் சாம்பல் நிறமானது. ரிவ்யூவில் என் சீனியர் கேட்டார்.

"இதுக்கு என்னப்பா சோர்ஸ்?"

"எங்கம்மா சார்."

சிரித்தார். அடுத்த வாரம் அது மறுபடி பச்சையாகி வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. நான் சண்டை போடவில்லை. அந்த வருட இன்க்ரிமென்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் தனியாக ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். கழிமுகத்தில் வலை போடும் இடத்துக்கெல்லாம், தடவும் இடத்துக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அம்மா பாதி சொன்னார். மீதியைப் பெரியப்பா வாட்ஸப்பில் குரல்பதிவாக அனுப்புகிறார், நடுவில் இருமலோடு. இதுவரை 23 பெயர். அதில் ஒன்றை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆற்றில் சாம்பல் படிந்து மேடு தட்டிப்போனதில் அடையாளம் மாறிவிட்டது. போன் போட்டுக் கேட்டேன்.

"போன்ல எப்டிடா சொல்றது? ஞாயித்துக்கெழம காலைல வா. தண்ணி வத்துற நேரம். நடந்து காட்டுறேன்."