கருவியும் கையும்

மயிலாப்பூரின் மாட வீதிகளில் வைகறைப் பொழுதில் நடப்போர் ஒரு காட்சியைக் காணலாம். கபாலீசுவரர் கோயிற் குளக்கரையை முதியோர் பலர் மெல்ல மெல்ல வலம் வருவர். ஒரு கை தடியை ஊன்றியிருக்கும். மற்றொரு கை பேரனின் தோளையோ, உடன் வரும் தோழரின் கையையோ பற்றியிருக்கும். தடி மேடு பள்ளத்தை உணர்த்துகிறது; தோள் விழாமல் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தே அவர்களை வீடு சேர்க்கின்றன. இந்த எளிய உண்மையை நாள்தோறும் கண்டும் நான் நெடுங்காலம் உணராதிருந்தேன். என் பெரியம்மா கீழே விழுந்த அன்றுதான் அஃது எனக்கு விளங்கிற்று.

பெரியம்மாவுக்கு அப்போது வயது 78. அவர் கணவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்று மறைந்தவர். ஒரே மகன் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழ்கிறான். தெற்கு மாட வீதிக்கு அருகில் உள்ள பழைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் பெரியம்மா தனியே குடியிருந்தார். நான் அடையாற்றிலிருந்து வாரந்தோறும் சென்று அவரைக் கண்டு வருவேன். எங்களோடு வந்து தங்குமாறு பலமுறை அழைத்ததுண்டு. “இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத முகம் இல்லை, தம்பி. அங்கே வந்தால் உங்களைத் தவிர வேறு யாரைத் தெரியும்?” என்று கூறி மறுத்துவிடுவார்.

மகனும் நானும் கலந்து பேசி அவருக்கு மூன்று கருவிகளை வாங்கித் தந்தோம். கூடத்தில் ஒரு கேமராவைப் பொருத்தினோம். இரத்த அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணை எங்கள் கைப்பேசிகளுக்கு அனுப்பும் கருவி ஒன்று வந்தது. அணிந்திருப்பவர் விழுந்தால் தானே உணர்ந்து உறவினரை அழைக்கும் கைக்கடிகாரமும் வந்தது. இனி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று என் மனம் அமைதியுற்றது. அந்த அமைதி நாளடைவில் சோம்பலாக மாறிற்று. வாரம் ஒருமுறை சென்றவன் மாதம் ஒருமுறை செல்லலானேன். காலைதோறும் எண்கள் வந்து குவிந்தன. நான் அவற்றைத் திறந்து பார்த்தேன் இல்லை.

ஐப்பசித் திங்களில் ஒரு நாள் காலை, பெரியம்மா குளியலறையில் நிலை தடுமாறி விழுந்தார். கைக்கடிகாரத்தைக் குளிப்பதற்கு முன் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். கேமராவோ கூடத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தது. அவர் விழுந்ததை எந்தக் கருவியும் அறியவில்லை. தெருமுனையில் பூ விற்கும் அம்மையார் ஒருவரே அறிந்தார். நாள்தோறும் ஆறு மணிக்கு வந்து ஒரு முழம் மல்லிகை வாங்குபவர், ஏழு மணியாகியும் வரவில்லை. பால் பையும் வாயிற்படியிலேயே கிடக்கிறது. அவர் எழுந்து வந்து கதவைத் தட்டினார். உள்ளே முனகல் கேட்டது. மாடி வீட்டாரைக் கூவி அழைத்தார். அவர்கள் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே சென்றனர். பின்னர்க் கைப்பேசி தன் பணியைச் செய்தது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 108 அவசர ஊர்தி வந்தது. எனக்கும் செய்தி வந்தது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட மருத்துவர் என்னை நோக்கி, “அண்மையில் மருந்தை மாற்றினீர்களா? இரத்த அழுத்தத்தை அளந்து வருகிறீர்களா?” என்று வினவினார். நான் கைப்பேசியைத் திறந்தேன். மூன்று வாரங்களாக எண்கள் சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருந்தன. மருந்தின் அளவு கூட்டப்பட்டதும் அந்த மூன்று வாரங்களுக்கு முன்னரே. மருத்துவர் பெரியம்மாவைப் படுக்கவைத்து அளந்தார். மேல் எண் 130 இருந்தது. எழுந்து நிற்கச் செய்து அளந்தபோது அது 104 ஆகக் குறைந்தது.

“நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. இளமையில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதனை ஈடு செய்துவிடும். முதுமையில் அந்த விரைவு இராது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து அதனை மேலும் தளர்த்துவதுண்டு. அதனால்தான் தலை சுற்றுகிறது” என்று அவர் விளக்கி, மருந்தின் அளவைக் குறைத்தார்.

நான் தலை கவிழ்ந்து நின்றேன். கருவி நாள்தோறும் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. கருவி வாங்கித் தந்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணியது எவ்வளவு பெரிய பிழை!

வீடு திரும்பியதும் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேமராவைச் சுட்டிக்காட்டி, “தம்பி, அந்தக் கண் என்னை எந்நேரமும் பார்க்கிறது. ஆனால் ஒரு நாளும், ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டதில்லை. நீ வந்தால் கேட்பாய்” என்றார். அவர் சினந்து கூறவில்லை. ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அவர் விருப்பப்படி கேமராவை அன்றே கழற்றினோம். நீரிலும் அணியத்தக்க கைக்கடிகாரம் வந்தது. குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்தினோம். உள்தாழ்ப்பாளை நீக்கி, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு அமைத்து, அதன் திறவுகோல் ஒன்றை மாடி வீட்டில் கொடுத்தோம். அவ்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் காலைதோறும் பள்ளிக்குப் புறப்படுமுன் பெரியம்மாவின் இரத்த அழுத்தத்தை அளந்து நாட்காட்டியில் குறிப்பாள். எண் குறைந்தால் எனக்குச் சொல்வாள். பெரியம்மாவோ, 1953இல் நின்றுபோன டிராம் வண்டியில் தாம் சிறுமியாக இருந்தபோது சென்ற கதையை அவளுக்குக் கூறுவார். நானும் மீண்டும் வாரந்தோறும் செல்லத் தொடங்கினேன்.

அடுத்த நவம்பரில் இன்னோர் இடர் வந்தது. குடும்ப ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று ஆண்டுதோறும் தருதல் வேண்டும். விரல் ரேகை பதித்து அச்சான்றைப் பெறும் ‘ஜீவன் பிரமாண்’ முறை 2014இல் வந்தது. ஆனால் முதுமையில் தோல் மெலிந்து வறண்டு ரேகைகள் தேய்ந்துவிடுவதுண்டு. முந்தைய ஆண்டு ஓர் அலுவலகத்தில் பெரியம்மாவின் ரேகையைக் கருவி ஏற்காமையால், மும்முறை அலைந்து திரும்பினார். இப்போதோ ஒரு கையில் மாவுக்கட்டு வேறு! இம்முறை தபால்காரரே வீடு தேடி வந்தார். முகத்தைக் கண்டு சான்றளிக்கும் முறை 2021இல் வந்திருந்தது. அவர் பெரியம்மாவைச் சன்னல் ஒளியில் அமர்த்தி, “அம்மா, ஒருமுறை கண்ணை மூடித் திறவுங்கள்” என்றார். இருமுறை தவறிற்று; அவர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை சான்று கிடைத்தது. முகத்தை அறிந்தது கருவி. மூன்று முறை பொறுத்திருந்தது மனிதர்.

இத்தகைய முதியோர் நம்மிடையே மிகப் பலர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். இவர்களுக்கெனத் தனி மருத்துவம் வேண்டும் என்று சென்னை முன்னரே உணர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. அதனை வளர்த்தவர் மருத்துவர் வி. எஸ். நடராசன். கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில், 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் கருவியோடு இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மருந்தும் தருகின்றனர். துணையற்ற முதியோர் 14567 என்னும் எண்ணை அழைத்தால், அவர்தம் குறையைக் கேட்பதற்கு மறுமுனையில் ஒருவர் இருக்கிறார்.

ஜப்பானில் சோஜிருஷி என்னும் நிறுவனம் 2001இல் ஒரு வெந்நீர்க் கெண்டியை அளித்தது. தனித்து வாழும் முதியவர் தேநீருக்காக அதனைப் பயன்படுத்தினால், தொலைவில் உள்ள பிள்ளைக்குச் செய்தி செல்லும். மாட வீதியில் பால் பையைக் கண்டு பூக்கார அம்மையார் அறிந்ததை, அங்கே கெண்டி அறிவிக்கிறது. ஆயினும் செய்தி வராத நாளில் கதவைத் தட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமன்றோ?

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பர். அவர்தம் கைக்கெட்டும் தொலைவில் ஏதேனும் ஒரு கருவியும் இருக்கும். அதனை இயக்கும் திறன் பெரியவர்களைவிட உங்களுக்கு மிகுதி. அது காட்டும் எண்ணை நாள்தோறும் படியுங்கள். படித்ததைக் குறித்து வையுங்கள். குறித்த பின் உடனே எழுந்துவிடாமல் சற்று அருகில் அமருங்கள். “தலை சுற்றுகிறதா, பாட்டி? சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள்.

பெரியம்மாவின் கை ஆறு வாரங்களில் கூடிற்று. இப்போது அவர் விடியற்காலையில் மீண்டும் தெருமுனைக்குச் சென்று மல்லிகை வாங்குகிறார். சற்றுத் தாமதமானாலும், பூக்கார அம்மையார் எழுந்து அவர் வீட்டு வாயிலை எட்டிப் பார்க்கிறார்.