மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு

நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வைத்தியம் படித்தவனல்ல. ஆனால் மனச்சோர்வு என்ற வருத்தத்தோடு நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறேன். எம்மவர் இதை வெளியே கதைப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

குடும்ப வைத்தியர் தந்த முதற் குளிசையை எட்டுக் கிழமை போட்டேன், மாற்றமில்லை. இரண்டாவதும் அப்படியே. விடிய மூன்று மணிக்கு நித்திரை முறிந்துவிடும். தொழிற்சாலையில் கை தானாக மீன் வெட்டும். மனம் எங்கேயோ கிடக்கும். "தம்பி, மனதைத் திடப்படுத்து" என்றார் கூட வேலை செய்யும் அண்ணர் ஒருவர். அது முடிந்தால் நான் ஏன் குளிசை போடுகிறேன்?

மனநல வைத்தியரிடம் போனபோதுதான் விளங்கியது. போதிய அளவில், போதிய காலம் இரண்டு மருந்து எடுத்தும் கேட்காத சோர்வு வைத்திய உலகம் நன்கு அறிந்த ஒன்று. அமெரிக்காவில் 2006 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதல் மருந்தோடு முழுச் சுகம் கண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. ஆகவே இது மனத்திடம் இல்லாததால் வருவதல்ல.

முதலில் தைரொயிட் சுரப்பியைச் சோதித்தார்கள். அது மந்தமானாலும் சோர்வு வரும். பிறகு குளிசையோடு லித்தியம் சேர்த்தார்கள். அளவு கூடினால் நஞ்சு என்பதால் அடிக்கடி இரத்தம் சோதிப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மின்சிகிச்சை உண்டு. ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்று நாம் பயந்த அதுதான். இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். சிலருக்கு ஞாபகம் மங்கலாம். ஆனால் கடும் சோர்வுக்கு நல்ல பலன் தரும்.

இன்னொன்று மொழி. என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் "தலையிடி, நித்திரை இல்லை" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் வந்த அன்றுதான் 2009 இல் வன்னியில் கண்டதைச் சொன்னேன். அதன் பிறகே குளிசையோடு கதைத்துச் செய்யும் சிகிச்சையும் தொடங்கியது. தேவையான இடத்தில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அரச நிறுவனங்களின் கடமை என்று இங்கு 2022 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. எங்கள் துயரத்தை எங்கள் பிள்ளைகளின் வாயால் சொல்லுவிக்க வேண்டாம்.

எனக்கு முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து மணிவரை நித்திரை வருகிறது. மகள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

அன்பான உறவுகளே, குளிசை கேட்கவில்லையென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். "அடுத்தது என்ன?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் காத்திராமல் 113 க்கு அழையுங்கள்.