புள்ளி ஒண்ணு அஞ்சு!

நான் பி.காம். அதுவும் செகண்ட் கிளாஸ். மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஈ.பி. பில் கட்டுவது. அப்பேர்ப்பட்டவன் ராத்திரி பதினோரு மணிக்கு, கம்ப்யூட்டர் ரேமுக்கு எத்தனை வோல்ட் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால், காரணம் என் மச்சினன்.

எஞ்சினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், என் கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தான். பெண் பார்க்க வருகிற இடத்தில் மாப்பிள்ளையோட தாய்மாமா பார்ப்பாரே... அந்தப் பார்வை!

"மாமா, 3200 ஸ்பீடு ரேம் வாங்கியிருக்கீங்க. ஆனா ஓடறது 2400-லதான்."

"ஓடுதில்லே? அப்புறம் என்ன?"

"புல்லட்டை வாங்கி செகண்ட் கியர்லயே ஓட்டறீங்க மாமா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காசு கொடுத்த பொருளில் பாக்கி நிற்கிறது என்று தெரிந்த பிறகு, காமர்ஸ் படித்தவனுக்குத் தூக்கம் வருமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் 'டெலிட்' பட்டனைத் தட்டி, பயாஸுக்குள் நுழைந்தான். எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை மாற்றினான். அவ்வளவுதான், 3200!

"எப்படிடா?"

"டி.டி.ஆர்.4 ரேமுக்குப் பொது விதி 1.2 வோல்ட் மாமா. இந்த ரேம் 3200-ல ஓடணும்னா 1.35 வேணும். ரேமைச் செஞ்ச கம்பெனிக்காரனே டெஸ்ட் பண்ணி லேபிள்ல போட்டிருக்கான் பாருங்க. எக்ஸ்.எம்.பி.ங்கறது அந்த லேபிளைக் கம்ப்யூட்டரே படிச்சுக்கறது."

அதோடு அவன் ஊருக்குப் போயிருக்கலாம். போய்விட்டான். நான்தான் நிற்கவில்லை.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1.2-லிருந்து 1.35. அதாவது 0.15 வோல்ட் கூட்டியதில் 800 லாபம். இன்னொரு 0.15 முதலீடு செய்தால்? 1.5 வோல்ட், வேகம் 4000! வட்டிக் கணக்கு மாதிரி எவ்வளவு சுலபம்!

மனசாட்சி லேசாகத் தயங்கியது. அதையும் சமாதானப்படுத்தினேன். 'பழைய டி.டி.ஆர்.3 ரேமுக்கு 1.5 வோல்ட்தானே வழக்கம்? வருஷக்கணக்கா ஓடலையா?' தாத்தா இருபது இட்லி சாப்பிட்டார் என்பதற்காகப் பேரனும் சாப்பிடலாம் என்கிற நியாயம்!

4000 போட்டேன். திரை கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. வியர்த்துவிட்டது. மதர்போர்டிலிருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து மாட்டியதும் உயிர் வந்தது. புத்தி வர வேண்டாமோ? 1.5-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 3800 போட்டேன். விண்டோஸ் வந்தது!

"என்னங்க, அர்த்த ராத்திரியில என்ன நோண்டறீங்க?"

"வேகம் கூட்டறேன்."

"கிரைண்டர் ஒரு வாரமா கடகடன்னு கத்துது. அதைப் பார்க்க ஆள் இல்லை..."

பெரிய காரியம் செய்கிறவர்களை வீட்டில் எப்போது மதித்திருக்கிறார்கள்?

ரெண்டு வாரம் ராஜபோகம். எக்செல் திறந்தது, பாட்டு பாடியது, படம் ஓடியது. முன்னைவிட வேகமா என்று கேட்காதீர்கள். பயாஸில் 3800 என்று போட்டிருந்தது, நான் நம்பினேன்.

அது அக்னி நட்சத்திர சமயம். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் ஏ.சி. கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்ததால், அதிலிருந்த பதினோரு வருஷத்து போட்டோக்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். 'காப்பி முடிந்தது' என்று செய்தி வந்தது. பழைய டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, பழைய சாமான்காரரிடம் போட்டேன்.

அடுத்த மாசம் அம்மாவுக்கு வருஷ திதி. நல்ல படமாக ஒன்றைப் பெரிசு பண்ணி ஹாலில் மாட்டலாம் என்று தேடினேன். அக்கா கல்யாணத்தில் அம்மா பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். திறந்தேன்.

நெற்றி இருந்தது. கண் இருந்தது. மூக்குவரை அம்மா. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அடுத்த படத்தில் குறுக்கே பச்சைக் கோடு. அதற்கடுத்தது திறக்கவே இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கெட்டுப்போனவை 212. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு வேண்டியது மட்டும் இல்லை.

காலையில் மச்சினனுக்கு போன் போட்டேன்.

"மாமா, வோல்டேஜை ஏத்தினீங்களே... மெம்டெஸ்ட் ஓட்டினீங்களா?"

"எதுக்கு? அதான் விண்டோஸ் வந்துச்சே!"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

மெம்டெஸ்ட்86 என்று ஒரு புரோகிராம். பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓட்ட வேண்டும். ரேமின் மூலை முடுக்கெல்லாம் எழுதிப் பார்த்து, எழுதினது அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். என் கம்ப்யூட்டரில் கால் மணி நேரத்தில் சிவப்பு சிவப்பாக வரிகள். அத்தனையும் தப்பு!

பிறகு அவன் விளக்கினான். ரேமில் ஒவ்வொரு பிட்டும் துளியூண்டு மின்சாரம் பிடித்து வைக்கிற ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு தடவை மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏற ஒழுகல் ஜாஸ்தி. 85 டிகிரியைத் தாண்டினால் ரெண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது விதி. வேகத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிற ரேம், அதற்கு எவ்வளவோ முன்னாலேயே தடுமாறும். வோல்டேஜ் கூடினால் சூடு அதே விகிதத்தில் ஏறாது, வர்க்கத்தில் ஏறும். 1.2-ஐ 1.35 ஆக்கினால் மின்செலவு சுமார் 27 சதவிகிதம் கூடும். 1.5 ஆக்கினால் 56! இதில் நான் கூட்டிய வேகம் தனி.

அந்த 1.5-க்கு இன்னொரு மகிமையும் உண்டு. டி.டி.ஆர்.4-க்கான ஜெடெக் விதிமுறையில், வேலை செய்ய வேண்டிய எல்லை 1.14-லிருந்து 1.26 வரை. 1.5 என்பது 'இதைத் தாண்டினால் சில்லுக்கே நிரந்தரச் சேதம் வரலாம்' என்கிற கடைசி எல்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மாதிரி. அங்கே போய்ப் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்!

எரிந்து தொலைந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. புகை வந்தால் தெரியும், ஸ்விட்சை அணைத்திருப்பேன். இது சத்தமே போடாமல் தப்பாக எழுதிக்கொண்டிருந்தது. இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆவது, கணக்கு சரி என்பதற்கு அத்தாட்சி அல்ல. ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதினாலும் டேலி ஆகும்! விண்டோஸ் வந்ததும் அப்படிப்பட்ட டேலிதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன், வீட்டில் கோட்டை விட்டேன்.

சரி, எத்தனை வோல்ட்தான் கொடுக்கலாம்? பட்டவன் சொல்கிறேன். டி.டி.ஆர்.4 என்றால் லேபிளில் உள்ள எண்தான் கணக்கு. பெரும்பாலும் 1.35. பெட்டிக்குள் நல்ல காற்றோட்டம் இருந்தால் 1.4-உம் தாங்கும். 1.45, 1.5 என்றே லேபிள் ஒட்டி வருகிற ரேமும் உண்டு. அது அதற்கென்று பொறுக்கி எடுத்த சில்லு. அதைப் பார்த்து நம்முடையதும் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது. டி.டி.ஆர்.5-க்குப் பொது விதி 1.1, வேகமான ரேமின் லேபிளில் 1.25-லிருந்து 1.4 வரை இருக்கும்.

ரேமை மட்டும் பார்த்தால் போதாது. எக்ஸ்.எம்.பி. போட்டதும், பிராசஸருக்குள் ரேமை மேய்க்கிற பகுதிக்கும் சில போர்டுகள் 'ஆட்டோ' என்ற பெயரில் வோல்டேஜை ஏற்றிவிடும். 2023-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் கருகியே போயின. பிறகுதான் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் என்ற அந்தச் சமாசாரத்துக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதை மாற்றினாலும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்புங்கள். முக்கியமாக, காப்பி எடுத்ததைத் திறந்து பார்க்காமல் ஒரிஜினலைத் துடைக்காதீர்கள்!

இப்போது என் கம்ப்யூட்டர் 1.35-ல், 3200-ல் சமர்த்தாக ஓடுகிறது. முதல் புள்ளி ஒண்ணு அஞ்சு லேபிளில் இருந்தது. ரெண்டாவது என் பேராசையில்.

படத்துக்கு வருகிறேன். அக்காவின் போனில் தேடினோம். எப்போதோ வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது இருந்தது. சின்னதாகச் சுருங்கிய படம். ஸ்டூடியோக்காரர் "இதுக்கு மேல பெரிசு பண்ணா நல்லா வராது சார்" என்றார். இருந்த அளவுக்குப் பண்ணி, ஃபிரேம் போட்டு மாட்டினேன். பட்டுப்புடவையின் சரிகை தெரியவில்லை. அம்மாவின் சிரிப்பும் கொஞ்சம் மங்கல்தான்.

பூ வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் நின்றிருந்த மனைவி படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை சிரிக்கற மாதிரி தெரியலீங்க. உங்களைத்தான் முறைக்கறாங்க..."

மறுபேச்சு பேசாமல் கிரைண்டரை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.