மன்னாரில் ஒரு வீடு தேடி

எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற வைகாசி மாதத்தில் எமக்குக் கடிதமொன்று எழுதியிருந்தார். மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, லயன் அறையிலிருந்து படித்து முன்னேறி, இன்று அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர் அவர். மன்னாருக்கு மாற்றம் கிடைத்திருப்பதாகவும், மனைவி மக்களுடன் அங்கேயே நிலைத்துவிட எண்ணியிருப்பதாகவும், சிறு காணியோ வீடோ பார்ப்பதற்கு நாமும் உடன்வர வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் இரண்டு வரிகள் தனியே இருந்தன. "விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும், சேர். அதைவிட முக்கியம், எந்த ஊர், எந்த ஆட்கள் என்று பிள்ளைகளை நாள்தோறும் கேட்காத இடமாக இருக்க வேண்டும்."

இந்த இரண்டாவது வேண்டுகோளின் பொருள் எமக்கு விளங்காமலில்லை. முன்பு வேறொரு பட்டினத்தில் அவர் வாடகை வீடு தேடியபோது, முற்பணம் வரையிற் பேசி முடித்த வீட்டுக்காரர், சொந்த ஊர் எதுவென்று கேட்டறிந்தபின் சாக்குப்போக்குச் சொல்லிக் கைவிரித்த கதையை நாம் அறிவோம். தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதற்காகத் தமிழரைத் தமிழரே தள்ளிவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆகவே விடுமுறையில் இரண்டு நாட்களை ஒதுக்கி, அவரும் அவர் மனைவியும் பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும் எம்முடன் வர, மன்னாருக்குப் புறப்பட்டோம்.

மதவாச்சியிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை முருங்கனை அடையும் வரையில் வயல்களே கண்ணுக்குத் தெரிகின்றன. அவ்வயல்களுக்கு நீர் தருவது கட்டுக்கரைக் குளம். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதென்று கூறப்படும் இக்குளம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியர் ஆட்சியிற் புதுப்பிக்கப்பட்டது. முருங்கனைக் கடந்தபின் நிலம் வெளுக்கத் தொடங்குகிறது. பனைகளும் உடைமரங்களும் உவர்வெளிகளும் மாறிமாறி வருகின்றன. 2010 இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தைத் தாண்டினால், தாம்போதியும் பாலமும். 1990 இற் போரிலே பழைய பாலம் தகர்க்கப்பட்டது. இப்போதுள்ள பாலம் 2010 இற் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தவுடனே கோட்டை நம்மை வரவேற்கிறது. 1560 இற் போர்த்துக்கேயர் கட்டியதனை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் தமக்கேற்பத் திருத்தியமைத்தனர்.

மன்னார்த் தீவு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமானது. மணலும் பனையும் கடலும், வீதியிலே கட்டின்றித் திரியும் கழுதைகளும் இதன் அடையாளங்கள். மக்களைப் பற்றிச் சொல்வதானால், 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் மாவட்டங்களுள் கத்தோலிக்கர் பாதிக்கு மேலாக வாழ்ந்தது மன்னார் ஒன்றிலேதான். அக்கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர். முஸ்லிம்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். நகரத்திலே புனித செபஸ்தியார் பேராலயமும் பள்ளிவாசல்களும் கோயில்களும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. புனித சவேரியார் பெயரிலுள்ள கல்லூரிகளும், சித்திவிநாயகர் இந்துக் கல்லூரியும், அல்-அஸ்ஹர் மகா வித்தியாலயமும் அவ்வாறே.

முதலிற் பிள்ளைகளை மகிழ்விக்கப் பள்ளிமுனைக்குச் சென்றோம். அங்கே நிற்கும் பெருக்கமரம் உயரத்திற் சிறியது. பருமனில் மலை போன்றது. அதன் அடியைச் சுற்றி அளந்தால் 19 மீற்றருக்கு மேல் வரும். இது நம் நாட்டு மரமன்று, ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவந்து நட்டனர் என்பது இங்குள்ள வழக்கு. மரம் மட்டுமல்ல, மனிதரும் வந்தனர். இதே கரையோரத்திற் தெற்கே, புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில், ஐரோப்பியர் தம் படைகளுக்கென அழைத்துவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மாஞ்சா என்னும் அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் பெயர் பெற்றவை. சிறுவன் மரத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடிவிட்டு, "இது எந்த ஊர் மரம்?" என்று கேட்டான். தாய் தந்தையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பின்னர் காணி பார்க்கும் வேலை தொடங்கியது. கடைத்தெருவை அண்டிய காணிகளின் விலை அவருக்கு எட்டவில்லை. தரகர் ஒருவர் சற்றுத் தொலைவில் நல்ல காணியொன்றைக் காட்டினார். விலையும் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் பேச்சினிடையே எம்மைத் தனியே அழைத்து, "இது அவர்களுக்குச் சரிவராது, இங்கே இருப்பவர்கள் எல்லாம் ஒரே ஆட்கள்" என்றார். மன்னாரிலும் அந்தக் கேள்வி இல்லாமற் போகவில்லை என்பது எமக்கு விளங்கிற்று. மாணவரிடம் மறைக்காமற் சொன்னோம். அவர் சிரித்து, "முன்னதாகவே சொன்னாரே, அதற்கு நன்றி, சேர்" என்றார்.

மதியம் எருக்கலம்பிட்டிக்குச் சென்றோம். இது பழம்பெரும் முஸ்லிம் கிராமம். 1990 அக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் சில நாட்களுக்குள், சில இடங்களிற் சில மணி நேரத்துக்குள், வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போயினர். 1981 இல் மன்னார் மாவட்டத்தில் நால்வருள் ஒருவருக்கு மேல் முஸ்லிம்களாயிருந்தனர் என்பதை நினைத்தால் அந்த வெற்றிடத்தின் அளவு விளங்கும். 2009 இற் போர் முடிந்த பின்னரே பலர் திரும்பத் தொடங்கினர்.

தேநீர்க் கடையில் எம்முடன் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தம் கதையைக் கூறினார். வெளியேறிய அன்று வீட்டைப் பூட்டி, சாவியைத் தமிழ் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் நண்பரின் மகன் அந்தச் சாவியை ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தானாம். "அவர்களால் எங்களைத் தடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அது எனக்கு இன்றும் மனவருத்தந்தான். ஆனாலும் சாவியை வைத்திருந்தார்கள்" என்றார் பெரியவர். மாணவரின் மனைவி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எருக்கலம்பிட்டியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வழியிலே தோட்டவெளி இருக்கின்றது. 1544 இல், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்களில் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாணத்து மன்னன் முதலாம் சங்கிலி கொல்வித்தான். அவர்களின் நினைவைக் கத்தோலிக்கர் இங்கே போற்றுகின்றனர். சைவராகிய நாம் அவ்விடத்தில் இறங்கித் தலைகுனிந்து நின்றோம்.

தலைமன்னாரை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அங்கே எம் மாணவர் எமக்கு ஆசிரியரானார். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் இக்கரைகளில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாகி வழியில் வீழ்ந்தவர் பலர். 1823 முதற் கணக்கிட்டு 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 அன்று இங்கிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று புறப்பட்டது. 1914 இற் புகையிரதமும் கப்பலும் இணைந்த பின்னர் வந்தவர்களும் இத்துறையிலேயே இறங்கினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் இங்கேதான் கப்பலேறினர். "என் தாத்தாவின் தம்பி குடும்பம் இங்கிருந்துதான் போயிற்று. அதற்குப் பிறகு தாத்தா அவரைக் காணவேயில்லை" என்றார் மாணவர். கப்பற் போக்குவரத்து 1980களின் நடுவிலே நின்றுபோயிற்று. போரில் அழிந்த புகையிரதப் பாதை மட்டும் புதுப்பிக்கப்பட்டு, 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. சிதைந்து நின்ற பழைய துறையை நோக்கியவாறு மகள் கேட்டாள்: "அப்படியானால் நாங்கள் மன்னாருக்குப் புதிது இல்லையே, அப்பா?"

மறுநாட் காலை திருக்கேதீச்சரம் சென்று வழிபட்டோம். மாதோட்டம் என்னும் பழந்துறைமுகத்தில், பாலாவிக் கரையிலே அமைந்த இத்தலம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயராற் சிதைக்கப்பட்டது. 1872 இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளின் பயனாகப் பின்னர் மீண்டும் எழுந்தது. புதிய கருங்கற்றிருப்பணி நிறைவேறி 2022 இற் குடமுழுக்குக் கண்டது. ஆயினும் 2019 மார்ச் மாதத்தில், சிவராத்திரிக்கு முதல் நாள், வீதி வளைவொன்றை அமைப்பது தொடர்பாக இந்துக்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே இவ்வூரில் மூண்ட பிணக்கு நாடெங்கும் பேசப்பட்டது. பல சமயத்தார் வாழும் இடமென்றாலே அமைதி தானாக வந்துவிடும் என எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. மன்னாரிலே புண்படாத சமூகமும் இல்லை. எம்மவராற் பிறர் புண்படவில்லை என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்லக்கூடியவரும் இல்லை.

நல்ல அயல் தேடும் துன்பம் மன்னாருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிற் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு விற்கவும் வாடகைக்குக் கொடுக்கவும் மறுப்பதைத் தடுக்க 1968 இற் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் ஓர் இனத்தார் ஒரே இடத்திற் குவியாதவாறு 1989 முதல் அரசாங்கக் குடியிருப்புகளில் இனவாரியான வரம்பு உண்டு. சட்டம் கதவைத் திறக்கச் செய்யும். திறந்த கதவுக்கு உள்ளேயிருந்து "வாருங்கள்" என்று சொல்ல மனிதர் வேண்டும்.

அன்று மாலை, நகரையடுத்த எழுத்தூர்ப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டைப் பார்த்தோம். வாடகைக்குத்தான் கிடைத்தது. வீடு பழையது, சமையலறைக் கூரை திருத்த வேண்டியிருந்தது. நாம் வளவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே வந்து, "தங்கச்சி, எந்த ஊர்?" என்று கேட்டார். மாணவரின் மனைவி சற்றே தயங்கி, தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அம்மையார், "அங்கே நல்ல குளிர் என்பார்களே! இங்கே வெயிலில் பிள்ளைகள் வாடிப்போவார்கள். உங்கள் கிணறு ஆடியில் உவர்த்துவிடும். குடிக்க எங்கள் கிணற்றில் அள்ளுங்கள்" என்றார். அடுத்த வளவிலிருந்த முஸ்லிம் குடும்பத்தாரும் அந்தக் கிணற்றிலேதான் குடிநீர் எடுக்கிறார்களென்று பின்னர் அறிந்தோம்.

அப்போதுதான் எமக்கு ஒன்று புலப்பட்டது. "எந்த ஊர்?" என்ற கேள்வி இல்லாத ஊர் இவ்வுலகில் இல்லை. அதற்கு நாம் சொல்லும் மறுமொழிக்குப் பின்னர் என்ன வருகிறது என்பதே பார்க்க வேண்டியது. ஒருவரிடம் சாக்கு வருகிறது. மற்றொருவரிடம் தண்ணீர் வருகிறது.

மாணவர் அந்த வீட்டையே எடுத்தார். காணி வாங்குவதை ஒரு வருடம் தள்ளிவைப்பதே நலமென்று நாமும் கூறினோம். இவ்வாறு புதிய ஊரிற் குடியேற எண்ணும் குடும்பங்களுக்கு, அவருக்குச் சொன்ன சிலவற்றை இங்கும் சொல்லிவைக்கிறோம். மணற்றீவிற் கிணற்று நீரை மழைக்குப்பின் சுவைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனி ஆடியிற் பாருங்கள். காணியின் தாழ்வை மாரியிற் பாருங்கள். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் எங்கே நிற்கிறதென்பது அப்போதுதான் தெரியும். போரினால் இடம்பெயர்ந்த ஊர்களில் ஒரே காணிக்கு இருவர் உரிமை கோருவதுண்டு. ஆகையால் உறுதியைக் காணிப் பதிவகத்திற் சரிபார்க்காமற் பணம் கொடுக்க வேண்டாம். தீவின் தென்கரையில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் நிறுவுவதை எதிர்த்து 2025 இல் மக்கள் வீதியில் இறங்கினர். அயலிலே என்ன வரப்போகிறதென்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாயிலருகே சிறிது நின்று, யார் யாருடன் சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்களென்று பாருங்கள். அவ்வூரிற் கடைசியாக நடந்த மரணவீட்டுக்கு யார் யார் வந்தார்களென்று கேளுங்கள்.

சென்ற வாரம் மாணவரிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. சமையலறைக் கூரை திருத்தியாயிற்றாம். மகன் பாடசாலையிலிருந்து வந்து, தன்னிடம் ஒருவன் எந்த ஊர் என்று கேட்டதாகச் சொன்னானாம். "நீ என்ன சொன்னாய்?" என்று தாய் பதைத்துக் கேட்க, "எழுத்தூர் என்றேன்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டானாம்.