துறவி நண்டின் வீடு

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை ஊர்களில் கோடை விடுமுறையைக் கழித்துத் திரும்பும் குடும்பங்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் செல்வனவற்றுள் துறவி நண்டும் ஒன்று. கடை வாசலில் கம்பிக் கூண்டு தொங்கும். அதனுள் சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசிய சங்குகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். கூண்டை வாங்கினால் நண்டு இலவசம் என்று எழுதி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. உயிருக்கு விலை இல்லை, கம்பிக்குத்தான் விலை!

அத்தகைய கூண்டொன்றோடு வீடு திரும்பினாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. ஈரமான கடற்பஞ்சும் ஒரு பிடி தீனியும் போதும் என்று கடைக்காரர் கூறியிருந்தார். அவள் அதனை அப்படியே கடைப்பிடித்தாள். மூன்றாம் மாதத்தில் நண்டு சங்கிலிருந்து பாதி வெளியே சரிந்து, அசையாமல் கிடந்தது. “அதன் ஆயுள் அவ்வளவுதான், அம்மா” என்று தந்தை தேற்றினார். அன்பினால் சொன்ன சொல், ஆனால் உண்மையன்று. துறவி நண்டு 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. 1976-ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட நண்டு ஒன்று அந்நாட்டிலேயே ஒரு வீட்டில் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

சிறுமி நூலகத்திற்குச் சென்றாள். அங்குப் படித்தவை அவளைத் தலைகுனிய வைத்தன. கடைகளில் விற்கப்படும் நண்டு கரீபியத் தீவுகளின் கடலோரக் காட்டில் பிடிக்கப்பட்டது. அதன் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்வதால் அதனைப் பண்ணையில் பெருக்குதல் மிக அரிது. நிலத்தில் வாழ்ந்தாலும் அது செவுள்களால்தான் மூச்சுவிடுகிறது. செவுள்கள் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். கம்பிக் கூண்டில் காற்றின் ஈரம் தங்குவதில்லை. அப்படியானால் அவளுடைய நண்டு மூன்று மாதங்களாக மூச்சுத்திணறிக் கொண்டிருந்திருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் ராபர்ட் எல்வுட் என்னும் அறிஞர் செய்த ஆய்வொன்று, துறவி நண்டு தனக்கு நேர்ந்த துன்பத்தை நினைவில் கொள்கிறது என்று 2009-இல் காட்டியது. அந்தப் பக்கத்தை அவளால் முழுதும் படிக்க முடியவில்லை.

ஜப்பான் 1970-லேயே தன் நிலத்துறவி நண்டுகளை இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த தேங்காய் நண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிறது; இந்தியச் சட்டம் அதனைப் பிடிப்பதைத் தடை செய்துள்ளது. அமெரிக்கக் கடையில் தொங்கும் சிறிய நண்டுக்கோ அத்தகைய காவல் இல்லை.

இன்னொரு நண்டை விலைக்கு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த தெருவில் ஒரு குடும்பம் வளர்க்க விரும்பாமல் கைவிட இருந்த நண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்றாள். மீன் வளர்க்கும் பழைய கண்ணாடித் தொட்டி அதற்கு வீடாயிற்று. அடியில் மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து, ஒரு சாண் உயரத்திற்கு ஈரமாக நிரப்பினாள். மேலே கண்ணாடி மூடி. கிண்ணங்கள் இரண்டு: ஒன்றில் குளோரின் நீக்கிய நன்னீர், மற்றொன்றில் மீன்தொட்டிக்கான கடலுப்பைக் கரைத்த நீர். சமையல் உப்பு உதவாது. சாயம் பூசாத வெற்றுச் சங்குகளையும் வைத்தாள். சாயம் உரிந்து நண்டின் வயிற்றுக்குள் போகும் என்பதை அவள் அறிந்திருந்தாள். மேலும், உடல் வளரும்போதெல்லாம் நண்டுக்குப் பெரிய சங்கு வேண்டும். பணிமாற்றல் பெற்ற குடும்பம் புதிய குடியிருப்பைச் சுற்றிப் பார்ப்பது போல, அது சங்கை உருட்டி, வாயைத் தடவிப் பார்த்த பின்னரே குடிபுகும்.

இரண்டாம் வாரத்தில் நண்டு மணலுக்குள் புதைந்தது. ஒரு மாதம் கடந்தும் வெளிவரவில்லை. இறந்திருக்கும், தோண்டி எடுத்துவிடலாம் என்றார் தந்தை. சிறுமி தொட்டியின் முன் நின்று மறுத்துவிட்டாள். துறவி நண்டு தோலுரிப்பது மண்ணுக்கடியில்தான். பழைய ஓட்டைக் கழற்றி, புதிய ஓடு இறுகும் வரை அது மெத்தென்று இருக்கும். உரித்த ஓட்டையே தின்று வலுப்பெறும். அந்நிலையில் தோண்டினால் அது பிழைப்பது அரிது. இறந்ததென்று எண்ணி உயிரோடு குப்பையில் எறியப்பட்ட நண்டுகள் எத்தனையோ! எனினும் இரவில் தந்தையின் சொல் அவளை உறங்கவிடவில்லை. அவர் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம் அல்லவா?

ஒன்பதாம் வாரத்தில் ஒரு காலை, மணலின் மேல் கோலம் போட்டது போன்ற கால்தடங்கள் தெரிந்தன. உப்புநீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நண்டு நின்றது. அதன் கால்கள் புதிய செந்நிறத்தில் பளபளத்தன. தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கிண்ணத்தில் நீர் குறைந்திருப்பதாக மட்டும் சொன்னார்.

மறு கோடையில் அவள் அதே கடைக்குச் சென்று, தான் எழுதிய ஒரு தாளைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் மாலை நண்டுகள் கம்பிக் கூண்டிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு மாறியிருந்தன. இரண்டு கிண்ணங்களும் இருந்தன. சாயச் சங்குகள் மட்டும் அப்படியே இருந்தன. வெறுஞ்சங்கை யாரும் வாங்குவதில்லை என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். சிறுமி தன் பையிலிருந்த ஐந்தாறு வெற்றுச் சங்குகளைத் தொட்டிக்குள் வைத்தாள். அவள் தந்தை பக்கத்துக் கடையில் பனிக்கூழ் வாங்கித் திரும்புவதற்குள், நீலச் சங்கிலிருந்த நண்டொன்று பழுப்பு நிறச் சங்கின் வாயைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.