ஏழாவது கேள்வி

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த தம்பி கொடுத்த தாளில் ஏழு கேள்விகள் இருந்தன. இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலித்திருக்கிறதா, தலை சுற்றுமா, மூட்டில் தொந்தரவா என்று போய், கடைசியில்: உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்து வேறு காரணம் ஏதாவது உண்டா? ஏழுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்க்கரைக்குப் போடும் கிளிமிபிரைடு மாத்திரை அட்டை அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கனடாவில் 1970களில் உருவான, பார்-க்யூ என்கிற படிவம் அது. நான் முதலில் போய்ப் பார்த்த செங்கல்பட்டுக்காரர் இப்படி எதையும் கேட்கவில்லை. தன் உடம்பின் போட்டோக்களைக் காட்டி, ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பேன் என்றார். இவன் உடற்கல்வி படித்தவன். கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன் என்றான். அதற்காகவே இவனைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்துவிட்டு அவனிடமே பொய் எழுதினேன்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவரை நோயாளியாகத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை என் மேல் விழக் கூடாது என்று நினைத்தேன். டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்வானோ என்ற பயமும் இருந்தது.

2023 ஜனவரி. வேடந்தாங்கல் ஏரியில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் மரம் மரமாகக் கூடு கட்டியிருந்த நேரம். விடியற்காலையில் ஏரிப்பக்கத்துச் சாலையில் பயிற்சி. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் எங்களுடையது. அவன் வெளியூர்ப் பிள்ளை, ஆனாலும் விசில் ஊத மாட்டான். “பறவைங்க இருக்குதுண்ணா” என்று சொல்லி, காதருகே வந்து மெல்ல எண்ணுவான்: பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.

பன்னிரண்டாம் நாள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை அது. வேலை செய்கிற தசையும் தன் பங்குக்கு ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது சுற்று பஸ்கியில் கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது, கண் இருட்டியது. என்னைத் தாங்கி உட்கார வைத்துவிட்டு, “சுகர் இருக்காண்ணா?” என்று கேட்டான். தலையை ஆட்டி இல்லை என்றேன். அந்த நிலையிலும் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினான். அதைக் குடித்த பிறகும் வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி 64 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து.

“மாத்திரை போடுறதை அவன்கிட்ட சொன்னீங்களா?” என்றாள் மனைவி.

“சொன்னேன். அவன்தான் காதில் வாங்கலை. கத்திக் கத்தி விரட்டினான்.”

கத்தி விரட்டினான் என்றேன். நாரைக் குஞ்சு பயந்துவிடக் கூடாது என்று குரலை அடக்கிக்கொண்ட பிள்ளையை.

மச்சான் அன்றைக்கே அவனைத் தேடி மதுராந்தகம் போய், நாலு பேர் முன்னால் அவன் சட்டையைப் பிடித்தார். டாக்டர், வக்கீல் மாதிரி கட்டாயப் பதிவு இல்லாத தொழில் இது. நாலு பேர் சொல்லும் நல்ல வார்த்தைதான் இவர்களுக்குச் சான்றிதழ். அதை நான் கிழித்தேன். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும் தெருக்கோடியில் ஒரு குடும்பமும் அவனிடம் பயிற்சி எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதன் பிறகு அவன் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பணமாக 9,000 ரூபாய் கொடுத்திருந்தேன். பன்னிரண்டு நாள் கூலியைக்கூடக் கழிக்காமல் முழுப் பணத்தையும் ஒரு கவரில் வைத்துக் கொடுத்தனுப்பினான். உள்ளே நான்காக மடித்த அந்தத் தாளும் இருந்தது. மச்சான் சட்டையைப் பிடித்தபோது அதை எடுத்து நீட்டியிருந்தால் போதும், அங்கேயே அவன் மேல் தப்பில்லை என்று ஆகியிருக்கும். நீட்டவில்லை. யாருக்கும் காட்டாமல் என்னிடமே சேர்த்துவிட்டான். பணத்தை எண்ணிப் பீரோவில் வைத்தேன். தாளைத் துணிகளுக்கு அடியில் செருகினேன்.

போன வாரம்தான் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். ஏழாவது கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. அப்புறம் அந்தப் பிள்ளை வீட்டுக்கு மூணு பேரும் போவோம்” என்றாள்.

மச்சான் வெள்ளிக்கிழமை வருகிறார்.