உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை கட்டும் உப்பை எவ்வளவு கொட்டிக் கரைத்தாலும் அது கடல்நீர் ஆகாது. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வண்ணப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இங்கே உப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. மேல்மலையனூரில் பஸ் ஏறி செஞ்சி, திண்டிவனம் என்று மாறிப் போனால் அரை நாளுக்குள் மரக்காணத்து உப்புக் குவியல்களுக்கு நடுவே போய் நிற்கலாம்.

அங்கே ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டே போனால் விஷயம் புரிந்துவிடும். உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற முதலில் அடியில் படிவது கால்சியம் கார்பனேட். இன்னும் வற்றினால் ஜிப்சம் படியும். அதுவும் கால்சியம்தான். இவை இரண்டும் முன்பாத்திகளிலேயே தங்கிவிட்ட பிறகுதான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. அந்த நீர் வடிக்கப்பட்டுவிடுகிறது. பவளம் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளக் கேட்பதெல்லாம் இப்படி முன்னும் பின்னும் கழிந்துபோகிறது. நடுவில் கிடைப்பது குழம்புக்கு நல்ல உப்பு, அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் கால்சியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அளவு சின்னதுதான், ஆனால் கல்போல எலும்புக்கூடு கட்டும் பவளத்துக்கு இது இல்லாமல் நடக்காது. இவற்றோடு கார்பனேட்டுகளின் அளவும் நிலையாக இருக்க வேண்டும். தொட்டி வைத்திருப்பவர்கள் இதை ‘கேஎச்’ என்பார்கள். சின்னக் குப்பியில் தொட்டி நீரை எடுத்து, மருந்தைத் துளித்துளியாக விட்டு, நீலம் மஞ்சளாகும் வரை எண்ணுவார்கள். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எந்த எண்ணாக இருந்தாலும் பவளம் பிழைத்துக்கொள்ளும். இன்று ஏழு, நாளை பதினொன்று என்று எகிறினால்தான் கிளையின் நுனி கருகிப்போகும். புதிதாகத் தொட்டி வைப்பவர் துல்லியத்தின் மேல் கண்ணாக இருப்பார். பவளம் கேட்பது நிதானத்தை.

அடுத்தது தண்ணீர். கடல் உப்புக் கலவையை வாங்கிவிட்டால் போதும், போர் தண்ணீரில் கலக்கிவிடலாம் என்று தோன்றும். போர் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்புகளும் நைட்ரேட்டும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். வாங்கும் கேன் தண்ணீரிலும் சுவைக்காகத் தாதுக்கள் சேர்த்திருக்கலாம். ஆர்ஓவில் வடிகட்டி, அதற்கும் மேல் அயனிகளை நீக்கும் பிசின் வழியாக அனுப்பிய வெறும் நீர்தான் வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். நம் வீடுகளில் நல்லதென்று செப்புக்குடத்தில் தண்ணீர் ஊற்றிவைக்கிறோம். அந்தச் செம்பு துளியளவு கரைந்து சேர்ந்தாலே பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. மீனைக் காப்பாற்ற ஊற்றிய மருந்தில் பவளம் முழுக்கச் செத்துப்போவது இப்படித்தான்.

பிறகு வெயில். தொட்டிப் பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி இதமானது. கத்திரி வெயிலில் செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் ராத்திரியிலும் அனல் விடும்போது, ஓட்டுவீட்டிலோ கான்கிரீட் வீட்டிலோ இருக்கும் தொட்டி 31, 32 டிகிரியைச் சுலபமாகத் தொட்டுவிடும். நீர்ப்பரப்பின் மேல் காற்றாடி ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால் தினமும் நிரப்ப வேண்டும். காற்றாடி போதாதென்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும். ஏசி போட்டு அறையைச் சாத்தி வைத்தால் இன்னொரு சிக்கல். ஆட்கள் விடும் மூச்சில் அறைக்குள் கார்பன் டைஆக்சைடு கூடும். அது நீரில் கரைந்து பிஎச் அளவை இறக்கும்.

கரண்ட் போனால்? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பம்ப் நின்ற தொட்டியில் நீர் அசையாது. ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் தருவதில்லை, மற்ற உயிர்களோடு சேர்ந்து இருப்பதைத் தின்கிறது. முதலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். விடிவதற்குள் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடும் எதற்காக? அந்த நிறத்துக்காக. நிறம் எங்கிருந்து வருகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. பவளத்தின் ஒரு கிளை முழுக்கச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னச்சின்ன உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. ஒளியில் சர்க்கரை செய்து பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைக் கொடுப்பது அந்தப் பாசிதான். அதன் நிறம் பழுப்பு. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை ஆகியவை பவளம் தானே செய்யும் புரத நிறமிகள். கடும் வெளிச்சத்திலிருந்து உள்ளே இருக்கும் பாசியைக் காக்கும் திரை என்றே இவற்றில் பலவற்றை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இது தெரிந்தவர் நிறத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் உள்ளிருக்கும் பாசி பெருகும். நீலப் பவளம் காப்பிக் கலருக்குப் போகும். சத்தை அடியோடு வடித்தாலும் கெடுதிதான், பசியில் வெளிறிப்போகும். மான்கொம்புபோல் கிளைக்கும் ஆக்ரோபோராவின் நுனி வெள்ளையாக இருந்தால் பயப்பட வேண்டாம். பாசி குடியேறுவதற்குள் கிளை வளர்ந்து முந்திவிட்டது என்று அர்த்தம். அதே வெள்ளை அடித்தண்டில் தொடங்கி மேலே ஏறினால் சதை உரிகிறது, உடனே பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சூடு தாங்காமல் பாசியை இழந்த சில பவளங்கள் வெளுப்பதற்குப் பதிலாகப் பளீரென்ற ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் ஒளிர்வதை 2020-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெறிச்சோடிய சதைக்குப் பவளம் போட்டுக்கொள்ளும் நிழல்பந்தல் அது. அப்படிப்பட்ட பவளத்தின் முன் நின்று ‘என்ன அழகு’ என்பவர், அது உயிருக்குப் போராடுவதைத்தான் அழகு என்கிறார்.

பவளத்தை வீட்டில் வளர்க்கும் கலை உலகில் அப்படியொன்றும் பழையதல்ல. 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள கடற்பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டும் வைத்துத் தொட்டியை நடத்தும் முறையை எழுதிக் காட்டினார். 1980-களில் பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபர் ஆக்ரோபோராவை வீட்டுத் தொட்டியிலேயே வளர்த்து, கிளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் பவளத்துக்குக் கால்சியம் ஊட்டக் கையாண்ட பொருள் நமக்கு மிகவும் பழக்கமானது. ‘கால்க்வாசர்’ என்று அவர்கள் சொல்வது சுண்ணாம்புத் தெளிநீர்தான். சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததைத் துளித்துளியாகத் தொட்டியில் இறக்குவார்கள்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்தலைகீழ். மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் கார்பைடு தொழிலுக்கும் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெர்லினில் சுண்ணாம்பு பவளமாகிக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியில் பவளம் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தது. அலையைத் தாங்கிய பாறை போனதும் தீவுகள் கரையத் தொடங்கின. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுவது நின்றுவிடவில்லை. 2004 சுனாமிக்குப் பின்தான் ஓய்ந்தது.

இங்கேதான் பவளத்தொட்டி ஆசை சட்டத்தில் வந்து முட்டுகிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு கடினப் பவளங்கள் அனைத்தையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. தொட்டி ஆர்வலர்கள் ஆசைப்படும் ஆக்ரோபோரா, மாண்டிபோரா, யூஃபில்லியா எல்லாமே கடினப் பவளங்கள். உயிரோடு இருந்தாலும் அலமாரியில் வைக்கும் காய்ந்த துண்டாக இருந்தாலும் குற்றம் குற்றமே. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ‘வெளிநாட்டில் தொட்டியில் வளர்த்தது சார்’ என்ற பேச்சை நம்பியும் வாங்கக்கூடாது. நாடு விட்டு நாடு போகும் கடினப் பவளத்துக்கு சைட்டிஸ் உடன்படிக்கையின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தத் தடை தேவையானதுதான். சந்தை என்று ஒன்று திறந்தால் துண்டு ஒடிக்கும் கை மன்னார் வளைகுடாவுக்குத்தான் முதலில் நீளும்.

தொட்டிக்காகக் கற்றதும் வீண் போகாது. அந்தப் பாடம் முழுதும் கடலில் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது, அங்கே சில்லர் மட்டும் கிடையாது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும். 1998, 2010, 2016, 2024 என்று மன்னார் வளைகுடா திரும்பத் திரும்ப வெளிறியது. 2016-இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியதைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவுசெய்தது. தொட்டியில் பாசி பவளத்தை மூடுவதுபோல, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். ஏசி அறையின் பிஎச் இறக்கம், உலகக் கடல்கள் முழுவதும் மெல்ல நடக்கிறது.

பெர்லின்காரர் நண்பருக்கு ஒடித்துக் கொடுத்த அதே கிளை வித்தையை அந்தத் தூத்துக்குடி நிறுவனம் 2002 முதல் கடலடியில் செய்துவருகிறது. நல்ல தாய்ப்பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிறு சிமென்ட் பலகையில் கட்டி, பலகையைக் கான்கிரீட் சட்டத்தில் பொருத்தி இறக்குகிறார்கள். கட்டு தளர்ந்தால் அலையில் ஆடி உரசிச் சாகும். இறுகினால் சதை அறுபடும். சரியாக உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நாளில் சதை வழிந்து வந்து கட்டையே மூடிவிடும். அலை தின்று சுருங்கிய வான் தீவின் முன்னே 2015 முதல் 10,000-க்கும் மேற்பட்ட செயற்கைப் பவளப்பாறைக் கட்டைகள் இறக்கப்பட்டன. சென்னை ஐஐடியும் இந்த நிறுவனமும் அரசோடு சேர்ந்து செய்த வேலை அது. அலையின் வேகம் குறைந்து தீவில் மறுபடி மணல் சேர்ந்தது.

மேல்மலையனூரிலோ திண்டிவனத்திலோ கடல்நீர்த் தொட்டி வைத்தே தீரவேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடிக்காத, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, பவளத்துக்குப் பதில் பீங்கான் பாறை, மேலே சொன்ன அதே நீர், அதே காற்றாடி, கரண்ட் போனால் அதே பேட்டரி பம்ப். பவளத்தை அதன் இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசைக்குப் போகலாம். வனத்துறை ஏற்பாட்டில் அங்கே கண்ணாடி அடித்தளப் படகு ஓடுகிறது. கடல் கலங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, படகு ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். படகிலிருந்து கீழே பார்க்கும்போது நுனி வெள்ளையா, அடி வெள்ளையா என்று கவனிக்கலாம்.